தண்ணீரில் விழுந்த முந்தானை மடிப்பு

நூலில் போட்ட கஞ்சி காயும்போது லேசாகப் புளித்த மணம் வரும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் அந்த மணம்தான்...

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பதினாறு வயது. அப்பா காலையில் பால்மரம் சீவுவார், மாலையில் தறியில் உட்காருவார். அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்து ஏதாவது கிறுக்குத்தனம் செய்து பார்ப்பேன்.

அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. முந்தானை மடிப்பு தோளில் நிற்பதில்லை என்று அவளுக்கு எப்போதும் எரிச்சல். தானாக மடிந்துகொள்ளும் முந்தானையை நெய்து தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முந்தானையில் குறுக்கே ஓடும் ஊடைநூலை ராட்டையில் போட்டு அளவுக்கு மீறி முறுக்கினேன். சுருண்டு சுருண்டு உயிரை வாங்கியது. அடங்கட்டும் என்று சோற்றுக்கஞ்சி போட்டேன். நெய்த பிறகு நனைத்தால் கஞ்சி போய்விடும், முறுக்கு இழுக்கும், துணி மடிப்பாக விழும். ஒரு சாண் துணியில் செய்து பார்த்துவிட்டேன். சேலை முடிந்ததோ கல்யாணத்துக்குப் புறப்படுகிற அன்று காலையில்தான். மாப்பிள்ளையின் தோட்டத்தில் போய் நனைத்துக்கொள்ளலாம் என்று மடித்து எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்து முள்வேலி கேட்டில் சோதனை. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில்தான். சேலையை உதறிய சோதனைக்கார அம்மாவின் கையெல்லாம் வெள்ளைத் தூள்.

“அரிசி மாவுதானே இது?”

“கஞ்சிங்கம்மா... நூலுக்குப் போட்டது” என்றேன்.

“திங்கவே ரேஷன் அரிசி பத்தல, நூலுக்குக் கஞ்சியா? யாருகிட்ட கதை விடுற லா?”

போலீஸ்காரர் அப்பாவைத் தனியாக நிற்கச் சொன்னார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்தது கோபம். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் முந்தானையை முக்கினேன்...

கஞ்சி கரைந்தது. துணி மெல்ல நெளிந்தது, ஒடுங்கியது, வரிசை வரிசையாக மடிந்தது.

அந்த அம்மா இழுத்துப் பார்த்தார். விட்டதும் பழையபடி சுருங்கிக்கொண்டது.

“அடேயப்பா! யாரு நெய்தது இத?”

யார் நெய்ததையும் ‘நம்ம தறி நெய்தது’ என்றே சொல்லும் அப்பா, அன்று “எம் மவ” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ்காரர் அப்பாவை விட்டுவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் புக்கிட் செந்தோசா ஊரில் ஒரு கடையில் மடிப்போடு வரும் சேலையைக் காட்டினார்கள். “லேட்டஸ்ட், ஆன்ட்டி. தண்ணி மட்டும் படக்கூடாது, மடிப்பு போயிரும்” என்றாள் கடைப்பெண்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். அக்கா இப்போது இல்லை. இருந்தவரை அந்தச் சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள்... துவைத்த ஒவ்வொரு முறையும் மடிப்பு புதிதாக விழுந்தது.