சில்லுக்குப் பின்னால் ஒரு கட்டை

எங்கள் வீட்டுக் கேற்றடியில் ஒரு மரக்கட்டை கிடந்தது. பனங்கட்டை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து சரிந்திருக்கும். சரிவில் டயரின் தடம் பதிந்து பதிந்து கறுத்துவிட்டது. தடித்த பக்கத்தில் ஒரு துளை. துளையில் நீல நைலோன் கயிறு. வள்ளம் ஏற்றிய டிரெயிலர் கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும்போது, குனியாமல் நடந்தபடியே அதன் சில்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதற்காகக் கட்டிய கயிறு. வண்டி பின்வாங்கினால் சில்லு கட்டையில் ஏறி நின்றுவிடும். இந்தக் கிழமை எங்கள் பழைய ஜீப்பைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று என் கணவர் கேற்றடியைக் கூட்டித் துப்புரவாக்கினார். கட்டையைத் தூக்கி விறகோடு போடப் போனவரை நான் விடவில்லை. இது ஜீப்போடு போகவேண்டியது என்று சொன்னேன். உண்மையில் அந்த வண்டியோடு சேர்ந்த சாமான்களில் ஒரு பழுதும் இல்லாதது அந்தக் கட்டை ஒன்றுதான்.

கட்டையைச் செய்வித்தவர் என் மச்சாள், இவருடைய அக்கா. திருகோணமலை நகரத்தில் அவரைப்போலச் சந்தேகப்படுகிற ஒரு பிறவியை நான் கண்டதில்லை. மருந்துக் கடையில் தந்த குளிசையை வாசலில் நின்று வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். பஸ் நடத்துநர் "உடனே வெளிக்கிடும்" என்றால் இறங்கி மற்ற பஸ்ஸின் நடத்துநரிடம் போய் விசாரிப்பார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: "ஓம், ஆனாலும்." ஓம் என்றால் நீ சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் என்றால் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. நானும் லேசில் நம்புகிறவள் இல்லை. நாள் முழுக்க அலுவலக மேசைக்கு முன்னால் ஆட்கள் சொல்லுகிற சாட்டுகளைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. இவர்தான் நேர்மாறு. எவன் எதைச் சொன்னாலும், "பாவம், அவன் ஏன் பொய் சொல்லப்போறான்" என்பார்.

மச்சாளின் சந்தேகம் பிறவியில் வந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய கணவர், எங்கள் அத்தான், நல்ல கடற்காரர். ஒரு நாள் தெரிந்தவர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கி வள்ளத்தை மேட்டுக்கு இழுத்தார்கள். பளபளப்பான வண்டி, கீழ்ப்பக்கம்கூடப் புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தது. அந்தக் கறுப்புக்கு அடியில், டிரெயிலர் மாட்டுகிற கொக்கியைத் தாங்குகிற இரும்பு உக்கிப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. பாதி மேட்டில் கொக்கி பிய்ந்தது. டிரெயிலரும் வள்ளமும் பின்னால் வந்தன. தள்ளிக்கொண்டு நின்ற மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள், அத்தானால் ஏலவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் வாசலில் கதிரையைப் போட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். சில வருடங்களில் சீனி வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. மச்சாள் எங்களோடு வந்து இருந்துகொண்டார். அவருக்கு மிஞ்சியது இந்தத் தம்பி ஒருவர்தான். தம்பியும் கடலுக்குத்தான் போனார்.

வாடைக் காற்றுக்கு முன்னால் வெளிக்கடற்கரையில் இருக்கிற வள்ளத்தைத் தூக்கி உட்துறைமுகப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். எங்கள் கரைக்கு வாடகை உழவு இயந்திரம்தான் வரும். காற்று மாறினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது வேண்டும். ஒரு வருடம் அதைக் காத்துக்கொண்டு நிற்கும்போதே வள்ளம் கல்லில் அடித்து வாய் பிளந்தது. அந்த மாரி எங்களுக்கு எப்படிக் கழிந்தது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்குவதென்று முடிவெடுத்தோம். நாலு சில்லும் இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் மணலில் புதையும். மகள்மாரை வகுப்புக்கும் மச்சாளைக் கிளினிக்குக்கும் ஏற்றவும் வேண்டும். இவர் ஆசையோடு இதைச் சொன்னபோது மச்சாள் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓம், ஆனாலும் பார்க்கப் போகேக்கை நானும் வருவன்" என்றார்.

முதலாவதை நகரத்திலேயே பார்த்தோம். விற்கிறவர் இனிக்க இனிக்கக் கதைத்தார். டொக்டர் அம்மா ஒருவர் ஓடிய வண்டியாம், வீடும் ஆஸ்பத்திரியும் தவிர வேறு இடம் கண்டதில்லையாம். இவர் ஏற்கெனவே ஸ்டியரிங்கைத் தடவத் தொடங்கிவிட்டார். மச்சாள் என் காதில், "விக்கிற ஜீப் எல்லாம் டொக்டர் அம்மா ஓடினது எண்டால், அவையள் ஆஸ்பத்திரிக்கு எதில போகினம்?" என்றார். பிறகு கொண்டுவந்த சாக்கை நிலத்தில் விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். விற்கிறவர் திகைத்துப்போனார். மச்சாள் கொண்டை ஊசியால் சட்டத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி, விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து சாக்கை உதறி மடித்தார். "உப்பு. டொக்டர் அம்மா கடலுக்கையோ வைத்தியம் பார்த்தவ?" என்று கேட்டார். கீழே எல்லாம் புதுக் கறுப்பு மை.

அடுத்தது கிளிவெட்டியில், வயல்காரர் ஒருவருடையது. கடலே காணாத வண்டி என்பதால் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கீழே சேறுதான், உப்பில்லை. மச்சாள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அசையாமல் இருந்தார். முன்னுக்கு, வேகம் காட்டுகிற வட்டங்களுக்கு நடுவே, சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. நானும் அதைக் கண்டேன். பக்தியுள்ள மனிதர் என்று நினைத்தேன். மச்சாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எல்லா இடமும் தூசி. பிள்ளையார் மட்டும் புதுசு" என்றார். ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "மன்னிச்சுக்கொள் அப்பனே" என்று சொல்லி நகத்தால் மெல்ல உரித்தார். அடியில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. வயல்காரர், "அது சும்மா பத்துற லைட் அக்கா" என்றார். மச்சாள் பிள்ளையாரை முன்கண்ணாடியின் மூலையில் பக்குவமாக ஒட்டிவிட்டு இறங்கினார். திரும்பி வரும்போது, "எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாமியை உரிக்கமாட்டினம் எண்டு அந்த மனிசனுக்கு நல்லாத் தெரியும்" என்றார். எனக்கு அந்த ஆளில் வந்த கோபத்தைவிட, நானும் உரித்திருக்கமாட்டேன் என்ற எண்ணம்தான் கூட நேரம் குடைந்தது.

இப்படியே வண்டிகள் வந்தன, போயின. ஒன்றில் கதவுக்குள் துணி அடைத்திருந்தார்கள். ஒன்றில் புத்தம்புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எங்கேயோ மோதியதால்தான் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார் மச்சாள். நல்லதாகத் தெரிந்த ஒன்று இரண்டையும் அவர் ஏதோ சொல்லித் தட்டிவிட்டார். அப்போதுதான் எனக்கு மச்சாளிலேயே சந்தேகம் வந்தது. அவர் வண்டி பார்க்க வருகிறாரா, வண்டி வாங்கவிடாமல் பார்க்க வருகிறாரா? ஒரு நாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நேரே கேட்டுவிட்டேன். "மச்சாள், உங்களுக்கு நாங்கள் வண்டி வாங்கிறது விருப்பமில்லை, என்ன?" அவர் கத்தியை நிறுத்தவில்லை. "ஓம் பிள்ளை. முதல் அப்பிடித்தான் நினைச்சனான். வண்டி இல்லாட்டில் இவன் கடலை விட்டிடுவான் எண்டு. ஆனாலும் இவன் விடமாட்டான். இரவல் வண்டி ஒண்டில இழுப்பான். அதுக்கு நல்லதா ஒண்டு பார்க்கிறதுதான் சரி." என் சந்தேகம் சரியென்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

குறிஞ்சாக்கேணியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் ஜீப் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்துவிட்டு, நாங்கள் கேட்கும் முன்னமே அவர் தொடங்கினார். "இடப்பக்கப் பின்கதவு உள்ளுக்கிருந்து திறக்காது. ஓயில் குடிக்கும். ஏசி பேருக்குத்தான். வள்ளம் இழுத்த வண்டி, உப்புத் தண்ணியில இறங்கினது. வீட்டுக்கு வந்த உடனே நல்ல தண்ணியால கழுவிப்போடுவன். ஆனாலும் துருப் பிடிச்சிருக்கு, பாருங்க தங்கச்சி." மச்சாளுடைய சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்டதும் எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டிக்குக் கீழே கறுப்பு மை இல்லை. துரு துருவாகவே தெரிந்தது. கொக்கிக்கு மேலே பழைய டெனிஸ் பந்து ஒன்றை வெட்டி மூடியாகப் போட்டிருந்தார். பந்தைக் கழற்றினால் கிறீஸ் பூசிய இரும்பு. மச்சாள் கொக்கியைத் தாங்குகிற தகட்டைக் கல்லால் தட்டித் தட்டிக் கேட்டார். எனக்கோ வண்டியைவிட மனிதரில்தான் சந்தேகம். இவ்வளவையும் தானாகச் சொல்லுகிறவர் சொல்லாமல் விட்டது என்ன? பெரிய பழுதை மறைக்கத்தான் சின்னப் பழுதுகளை அள்ளிக் கொட்டுகிறார் என்று மச்சாளின் காதில் சொன்னேன். மச்சாள் தலையாட்டினார். எங்கள் கரைக்கு வந்து எங்கள் வள்ளத்தை இழுத்துக் காட்டச் சொன்னார். அதிபர் முகம் கோணாமல் சம்மதித்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் வந்த அன்றைய காலைப்பொழுதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் கரையில் ஒரு வள்ளம் மேட்டுக்கு ஏறுகிறதென்றால் கூப்பிடாமலே ஆட்கள் வருவார்கள். வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர், தேத்தண்ணி குடிக்கிறவர், எல்லோரும் பின்னால் கை வைப்பார்கள். அது அங்கே மரியாதை. வேண்டாம் என்று சொல்லுவது வீட்டுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது போல. மச்சாள் எல்லோரையும் விலக்கினார். "ஒருத்தரும் பின்னால நிக்கக்கூடாது. கோவிக்காதேங்கோ, தள்ளி நில்லுங்கோ." சிலருக்கு முகம் கறுத்துவிட்டது. ஒருவர் வலையைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டார். இவர், "அக்கா, கட்டையோட நான் நிக்கிறன்" என்று வந்தார். "நீ முன்னுக்குப் போ" என்றார் மச்சாள். தச்சரிடம் சொல்லிச் செய்வித்திருந்த புதுப் பனங்கட்டையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, டிரெயிலரின் சில்லுக்குப் பின்னால் போய் நின்றார். அத்தான் நின்ற இடம் அதுதான்.

ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. கட்டை சில்லின் குதிகாலிலேயே போனது. மேட்டின் செங்குத்தான இடத்தில் மச்சாள் கையைத் தூக்கினார். "நிப்பாட்டுங்கோ. பிறேக்கில வையுங்கோ." அதிபர் நிறுத்தினார். அப்போது மச்சாள் ஒன்று செய்தார். கயிற்றை இழுத்துக் கட்டையைச் சில்லிலிருந்து விலக்கிவிட்டார். வள்ளத்தின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெறுமனே நின்றார். வழுக்கினால் அவர்மேல்தான் வரும். இவர் அழாக்குறையாக, "அக்கா" என்றார். உலகத்தில் யாரையும் நம்பாத மனுஷி, முந்தாநாள் அறிமுகமான ஒரு கிழவரின் பிறேக்குக்குக் கீழே நின்றார். நாளைக்குத் தம்பி நிற்கப்போகிற இடத்தில் இன்றைக்குத் தான் நின்று பார்க்காமல் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஜீப் அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, பிறகு கட்டையைத் திரும்ப வைத்து, "இனி இழுங்கோ" என்றார். மேலே ஏறியதும் அவருடைய சேலைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. "ஓம்" என்றார். நாங்கள் மற்றதற்குக் காத்திருந்தோம். "ஆனாலும் கட்டை எப்பவும் இருக்கவேணும்."

அந்த ஜீப் எங்களை ஒருநாளும் கைவிடவில்லை. அதிபர் சொன்ன பழுதெல்லாம் இருந்தது, சொல்லாதது ஒன்றும் இருக்கவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள எனக்குச் சில வருடம் எடுத்தது. வாடைக்கு முன்னும் பின்னும் வள்ளம் ஏறி இறங்கியபோதெல்லாம் மச்சாள் கயிற்றோடு பின்னால் நடந்தார். ஒருதரம்கூடக் கட்டையில் சில்லு ஏறி நிற்கவேண்டி வரவில்லை. டயரின் தடம் பதிந்ததெல்லாம் அவர் நெருக்கிப் பிடித்துக்கொண்டு போனதால்தான். போன மாரியில் நெஞ்சு அடைக்கிறது என்றவரை அதே ஜீப்பில்தான் ஏற்றினோம். முன் இருக்கையில் சாய்ந்தபடி, மூச்சுக்கு இடையில், "பிறேக் பார்த்தனியோ தம்பி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் எல்லாம் சரிவரும் என்றார். மச்சாள் ஓம் என்று மட்டும் சொன்னார். மற்றச் சொல் வராததைக் கேட்டுத்தான் நான் பயந்தேன். அடுத்த நாள் அவர் இல்லை.

இவருக்கு இப்போது முதுகு ஏலாது. வள்ளத்தைக் கொடுத்துவிட்டோம், ஜீப்பையும் கொடுக்கவேண்டும். நேற்று வெருகல் பக்கமிருந்து இளம் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். கடல் குடும்பம், வள்ளம் இழுக்கத்தான் வேண்டுமாம். நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. கதவு, ஓயில், ஏசி, துரு எல்லாம் சொன்னேன். அந்தப் பெடியனுக்கு முகமெல்லாம் சிரிப்பு, "அக்கா உண்மையைச் சொல்லுறா" என்றான். பெண்சாதி சிரிக்கவில்லை. டெனிஸ் பந்தைக் கழற்றிப் பார்த்தாள். ஜீப்பை ஏற்றத்தில் ஏற்றி நிறுத்தச் சொல்லியும் பார்த்தாள். புருஷனின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

போகும் நேரம் கேற்றடியிலிருந்து கட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். "இதையும் கொண்டுபோங்கோ. இழுக்கேக்கை டிரெயிலர் சில்லுக்குப் பின்னால பிடிக்கவேணும்." பெடியன் கை நீட்டினான். அவள் இடையில் வாங்கிக்கொண்டாள். சரிவில் இருந்த டயர்த் தடத்தைத் தடவினாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அக்கா, பிறேக் பிடிக்காதோ?"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிடிக்கும் பிள்ளை," என்றேன். "ஆனாலும் வைச்சிருங்கோ."

அவள் நம்பவில்லை. கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இன்னொருக்கா ஏத்தத்தில நிப்பாட்டிப் பார்ப்பம்" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனாள்.