பன்னிரண்டு பேருக்கும் பதில்

மஸ்கெலியாக் குளிரில் பேட்டரிகள் சீக்கிரம் செத்துவிடும் என்பது ஜீவராணியின் முடிவு. அதனால் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடேற்றிய பிறகுதான் ரெக்கோடருக்குள் போடுவாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, "உஸ், யாரும் மூச்சு விடக்கூடாது" என்பாள். பகலெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைத் தூங்க வைக்கிறவளுக்கு அது தொழிற்பழக்கம். எண்பது வயதுக்காரர்களும் பயந்துபோய் வாயை மூடிக்கொள்வார்கள்.

பல்கலைக்கழகமும் தோட்டத்து மாதர் சங்கமும் சேர்ந்து பழைய ஆட்களின் கதைகளைப் பதிந்து வைக்கின்றன. தொடக்கத்தில் தேதியும் பேசுகிறவர் பெயரும் வரவேண்டும் என்று விரிவுரையாளர் ஜெயந்தினி எழுதிக் கொடுத்திருந்தார். ஜீவராணி பெயரைக் கூப்பிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணி, அதன் பிறகே கதையைத் தொடங்கச் சொல்வாள். அந்த ஐந்துக்குள் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

நான்கு பேரைப் பதிந்தாள். இரண்டே மாதத்தில் நான்கு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். வயதான கட்டைகள்தான், ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் கதவுகள் சாத்திக்கொண்டன. "ஒனக்குப் புண்ணியமா போகும், மிசினத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துறாத" என்று கிழவர் மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். ஜீவராணி சிரித்தாள். பதிவுகளைக் கேட்டு எழுத உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நான்கிலும், பெயருக்குப் பின்னால் வரும் அமைதியில், எங்கோ தள்ளியிருந்து யாரோ "ஆ" என்கிறார்கள். நான்கிலும் ஒரே குரல்.

ஆனாலும் அவளால் விட முடியவில்லை. அவள் பிறப்பதற்கு முன் ஐந்தாம் லயத்தை மண்சரிவு மூடியது. அதற்கு மேல் இப்போது தேயிலை நிற்கிறது. உள்ளே பன்னிரண்டு பேர். ஒருத்தி அவள் அப்பாவின் தங்கை. அப்பா சாகும்வரை அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. சொந்த அத்தையின் பெயர் தெரியாதது அவளுக்குப் பெரிய வேதனை. எல்லாப் பெயர்களும் தெரிந்தவள் கிழவி ராக்காயி ஒருத்திதான். அவளுக்கும் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி ராக்காயி வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. ஜீவராணி அந்தக் குரலைப் பற்றிச் சொன்னாள். கிழவி ஆச்சரியப்படவில்லை.

"காலையில வேலைக்கு எறங்குமுன்ன பெரட்டுல பேரு கூப்புட்டா என்ன செய்வோம் புள்ள?"

"'ஆ'ன்னு பதில் சொல்லுவோம் பெரியம்மா. ஆளு வரலன்னா, பக்கத்துல நிக்கிறவ அவளுக்காகக் கையத் தூக்கிச் சொல்லுவா."

"நீ நாலு பேரக் கூப்புட்டுட்டு, பதில் சொல்ல விடாம வாயப் பொத்தி வச்சிருக்க. உசுரோட இருக்கவங்க சொல்லாட்டி, செத்தவங்க யாராச்சும் சொல்லிப்புடுவாங்க. அப்ப ஆளும் அவங்க பக்கம் போயிரும்."

ஜீவராணி ரெக்கோடரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்ல ஆளில்லாத அந்தப் பன்னெண்டு பேரையும் நான் கூப்புடுறேன். ஒவ்வொண்ணுக்கும் நீ பதில் சொல்லணும். செத்தவங்களுக்காகச் சொன்னா ஒனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. சொல்லுவியா?"

ஜீவராணி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

ராக்காயி கண்ணை மூடிக்கொண்டு, கங்காணியின் மிடுக்கோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஜீவராணி "ஆ" என்றாள். ஒன்றையும் தவறவிடவில்லை. பதினொன்று முடிந்ததும் கிழவி நின்று மூச்சு வாங்கினாள்.

"ஒங்கப்பன் தங்கச்சி. சண்முகவடிவு."

வெளியே, மூடுபனிக்குள், யாரோ பதில் சொல்ல மூச்சை இழுப்பது கேட்டது. ஜீவராணி முந்திக்கொண்டாள். "வந்திருக்கா" என்று எழுந்து நின்று, வாசலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.