ரத்தான ஏழாவது பந்தயம்

போன வாரம் கிள்ளானில் ஒரு வீடமைப்புத் தளத்தில் மழை விடக் காத்திருந்தோம். விட்டதும் மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். நான் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தேன். "என்ன மேடம், பூமி இருக்கா இல்லையான்னு பாக்குறீங்களா?" என்றார் லோரி ஓட்டும் அண்ணன். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வெட்டிய புல்லும் நனைந்த மணலும் சேர்ந்து கிளப்புகிற அந்த வாடை என்னை விடவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி வைத்துச் சொல்லியிருப்பேன்.

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு குதிரைப் பந்தயத் திடலில். மண்ணைப் பற்றிப் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டார். பிறகு உறவினர்களிடம், "தோட்ட இலாகா மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவைத்தார். வேலை இதுதான்: பந்தய நாளில் புல்தடத்தைச் சுற்றி நடந்து, ஒரு கூர்முனை இரும்புக் கோலை இடத்துக்கு இடம் நிறுத்தி, அதன் தலையில் ஓர் எடையை விழவிட வேண்டும். கோல் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, தரை அவ்வளவு இளகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவைப் பந்தய அதிகாரிகளிடம் சொல்வேன். ஓடலாமா, வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. முடிவு அவர்களுடையது, எண் என்னுடையது. இந்த வாக்கியத்தை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேனோ!

லாயத்தில் எனக்கு 'ஊசி' என்று பெயர். "ஊசி வந்துருச்சு லா, ஓடுங்க! இன்னைக்கு யாருக்குக் குத்தப் போறே?" என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஸ்டெல்லா அக்கா. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, பந்தயத்துக்குக் கையில் பிடித்து நடத்திச் செல்பவர்களை சைஸ் என்போம். அந்தத் திடலில் இருந்த ஒரே பெண் சைஸ் அவர். சுங்கை வேயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.

மழையால் பந்தயம் ரத்தாகும் நாட்கள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். விற்காத நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை கேன்டீன் ஆன்டி, "எடுத்துட்டுப் போம்மா, கெட்டுப் போயிரும்" என்று பையில் போட்டுத் தருவார். நானும் வாங்கிக்கொண்டு போய் நன்றாகச் சாப்பிடுவேன். யாருடைய நாள் கெட்டுப்போனது என்று அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது யோசித்ததில்லை.

ஸ்டெல்லா அக்காவின் குதிரைக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. லாயத்தில் அது மணி. பந்தய நாளில் மணியின் பிடரி மயிரைச் சிறு சிறு பின்னலாகப் பின்னி நூல் கட்டுவார். பந்தயம் ரத்தானால் அத்தனையையும் அவிழ்க்க வேண்டும். விட்டால் குதிரை சுவரில் தேய்த்து மயிரைப் பிய்த்துக்கொள்ளும். சைஸ்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று நூலை வெட்டிக்கொண்டிருப்பதுதான் ரத்தான மாலையின் காட்சி.

மணிக்கு வயது ஏறிவிட்டது. விதிப்படி அந்தப் பருவத்தோடு ஓட்டம் முடிகிறது. அதன் கடைசி ஓட்டம் ஒரு சனிக்கிழமை, ஏழாவது பந்தயம். அன்று ஸ்டெல்லா அக்காவின் அப்பா வருவதாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து ஓய்வுபெற்றவர், மெதடிஸ்ட் சபைக்காரர். சூது நடக்கும் இடத்தில் மகள் வேலை செய்கிறாள் என்று பல வருடமாக அவளிடம் சரியாகப் பேசாதவர். "ஒரே ஒரு தடவ நான் நடத்திக்கிட்டுப் போறதப் பாருங்கப்பா, அப்புறம் திட்டுங்க" என்று அக்கா கெஞ்சிச் சம்மதிக்கவைத்திருந்தார். அக்காவால் குதிரையை விட்டு வர முடியாததால், வாசலிலிருந்து அவரை அழைத்துவரும் பொறுப்பு எனக்கு.

கோயிலுக்குப் போவது போல வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார்.

"நான் ரேஸ் பாக்க வரலம்மா. எம் மகளப் பாக்க வந்தேன். அது வேற, இது வேற."

"சரி அங்கிள். மேல போய் உக்காருங்க, மழ வர்ற மாதிரி இருக்கு."

"அங்க பெட்டு கட்டுறானுங்க. நான் இங்கியே நிக்கிறேன்."

குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வட்டத்தின் வேலியோரம், குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான்காவது பந்தயம் முடிந்தபோது மழை கொட்டியது. விட்டதும் ஐந்தாவதை ஓட்டினார்கள். கடைசி வளைவில் குதிரைகளின் பின்னங்கால் வழுக்குவதாக ஜாக்கிகள் வந்து சொன்னார்கள். கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். வளைவில் அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தள்ளி வைத்துப் பார்த்தேன். இன்னும் தள்ளி வைத்தேன். என் வாழ்க்கையில் எந்த எண்ணும் குறைந்து வர வேண்டும் என்று அன்றுபோல் நான் வேண்டிக்கொண்டதில்லை. உள்ளதைச் சொன்னேன். மீதிப் பந்தயங்கள் ரத்து என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அறிவித்துக் கொஞ்ச நேரத்தில், வேண்டுமென்றே செய்தது போல, பளீரென்று வெயில் அடித்தது.

வேலியோரம் போனேன். அவர் முகத்தில் கோபம் இல்லை; நிம்மதி இருந்தது.

"காலையில ஜெபத்துல கேட்டேம்மா. நான் இதப் பாக்கக் கூடாதுன்னா தடுத்துருங்கன்னு. தடுத்துட்டாரு பாத்தியா?"

"அவர் இல்ல அங்கிள், நான்தான். தரை இளகிப் போச்சு. நான்தான் அளந்து சொன்னேன்."

"அந்தக் கோல உங்கையில குடுத்தது யாரு?"

"கம்பெனி, அங்கிள்."

"நல்ல பொண்ணு" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் குடையைச் சுருட்டினார். லாயத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தார். "அப்பா, உள்ள வாங்க, மணியக் காட்டுறேன். ஒரு ரவுண்டு சும்மா நடத்திக் காட்டுறேன்பா."

"வேணாம்மா. பதில் கெடச்சிருச்சு."

அவர் போனபின் அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வளைவு அவ்ளோ மோசமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. மணி கால ஒடிச்சுக்கிட்டா அத நான் எப்படிப் பாப்பேன்?" என்று சொல்லிவிட்டு நூல் வெட்டப் போனார். நானும் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பின்னலும் வராது, அவிழ்க்கவும் வராது. இரண்டு இடத்தில் மயிரையே வெட்டிவிட்டேன். அவர் அந்த இடத்தைக் கையால் தடவிவிட்டு அடுத்த நூலை வெட்டினார்.

மணியை ஜொகூர் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு குதிரையைத் தொட மனம் வராமல் அக்கா ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். சில வருடம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். அப்பா காலமாகிவிட்டார் என்றார். "கடைசி வரைக்கும் சர்ச்சுல சாட்சி சொல்லுவாரு தெரியுமா? 'ஆண்டவர் ஒரு மழையால எம் மகள அந்த எடத்துலேருந்து வெளிய கொண்டு வந்தாரு'ன்னு. எல்லாரும் அல்லேலூயா சொல்லுவாங்க. நானும் பக்கத்துல உக்காந்து சொல்லுவேன்." சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் எண்தான் அந்தச் சபையில் சாட்சியாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

"அன்னைக்கு ஓடியிருந்தா மணி ஜெயிச்சிருக்குமாக்கா?"

"அதுவா? கடைசியாத்தான் வந்திருக்கும்! ஓட்டத்த யாரு கேட்டா? நான் நடக்கிறத மட்டும் அவரு பாத்திருந்தா போதும்."

நான் பார்த்திருக்கிறேன். தலையை நிமிர்த்தி, மணியின் அடிக்குத் தன் அடியைச் சேர்த்து, எந்தப் பக்கமும் திரும்பாமல் நடப்பார். மணி இப்போது இல்லை. அந்த லாயத்தில் ஸ்டெல்லா அக்காவைத் தெரிந்தவர்களும் இல்லை. எனக்குத் தெரிந்து, அவர் நடந்த நடையைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அதைக் கேட்க வேண்டிய அவர் அப்பாதான் இல்லை.