மூன்று பூட்டுச் சைக்கிள்

எங்கள் அலுவலகத் தட்டச்சருக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். பழைய ரேஸ் சைக்கிள் வாங்கி, வேலைக்கு வந்துபோக மட்கார்டு, கேரியர், மணி, விளக்கு எல்லாம் மாட்டினார். கூடவே மூன்று பூட்டு. அப்படியும் மனசு கேட்காமல், தினமும் வாசலில் சீட்டையும் மணியையும் ஸ்பேனரால் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மாடியேறுவார்.

நேற்று புதுக் காவலாளி அவர் கையை எட்டிப் பிடித்தார்.

"யோவ், யார் சைக்கிள்ல கை வைக்கிற?"

"என் சைக்கிள்தான்யா!"

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான். பூட்டைத் திறந்து காட்டு."

மூன்றையும் திறந்து காட்டிய பிறகே விட்டார். மேலே வந்த தட்டச்சருக்கு வாயெல்லாம் பல். "அப்பாடா! யாரையும் நம்பாத ஆள் ஒருத்தன் வந்துட்டான்."

இன்று சீட்டைக் கழற்றவில்லை. காலையிலிருந்து ஜன்னலோரம் நின்று காவலாளியைக் காவல் காக்கிறார்.