சூடானால் நிற்கும் வண்டி

எங்கள் ஊரில் வண்டியிலிருந்து எண்ணெய் சொட்டினால் மண் குடித்துவிடும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சிங்கப்பூரில், செங்காங்கில் ஓர் அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் தரையில் அட்டை விரித்திருந்ததைப் பார்த்தபோது, யாரோ படுக்கப் போட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அட்டையின் நடுவே உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு வட்டம். அதன் மேல், நான் பிறப்பதற்கு முன்பே பிரிட்டனில் செய்த ஒரு மோட்டார் சைக்கிள். "சொட்டுதேன்னு பயப்படாதீங்க தம்பி. சொட்டலன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெய் இல்லன்னு அர்த்தம் லா," என்றார் அதன் சொந்தக்காரர் ஞானமுத்து. வயது எழுபத்தாறு, அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் மெக்கானிக். தங்குவது கிராஞ்சி தொழிலாளர் விடுதியில். பத்தாவதுக்கு மேல் படிப்பில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சும் வராது. வண்டியை எடுத்துவர என்னை அனுப்பியதற்குக் காரணம் என் வலது கால்தான். இன்றைய வண்டிகளில் கியர் இடது காலில் இருக்கும். இந்தப் பழைய வண்டியில் அது வலது காலில். பட்டறையில் மற்றவர்கள் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடுவார்கள். நான் மணப்பாறையில் பழைய புல்லட்டுகளைப் பிரித்துப் பழகியவன். "ஓல்ட் பைக், ஓல்ட் லெக். யூ கோ லா," என்று சீன முதலாளி சிரித்தார்.

அப்படிப் போயும் முதல் உதையிலேயே தவறு செய்தேன். இந்த வண்டியின் இடது கைப்பிடியில் ஒரு சின்ன நெம்பு உண்டு. தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். நான் ஓட்டிய புல்லட்டில் அது இல்லை. புல்லட் நினைப்பில் உதைத்தேன். உதைகோல் திரும்பி வந்து கெண்டைக்காலில் அடித்தது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் வீட்டுக்காரி மாதிரியே. கேக்காம கால வச்சா உதைதான்."

அவர் மகள் ஸ்டெல்லா என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். அப்பா வண்டியை உதைக்கப்போய் இரண்டு முறை விழுந்துவிட்டார். இங்கிலாந்தில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயார். மாதக் கடைசியில் அவருடைய ஆள் வந்து ஓட்டிப் பார்ப்பார். நிற்காமல் ஓடினால் எடுத்துக்கொள்வார். இப்போது இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. "எப்படியாவது ரெடி பண்ணிடுங்க அண்ணா," என்றார். பெரியவர் அருகே வந்து என் தோளைத் தட்டி, "அவசரம் இல்ல தம்பி, மெதுவாப் பாருங்க," என்றார். அவசரமில்லை என்று சொல்லும் வாடிக்கையாளருக்குத்தான் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் முதலில் முடித்துக் கொடுப்போம். அதுதான் மரியாதை. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சூடாகி நிற்கும் வண்டியில் கோளாறைப் பிடிக்க, அதைச் சூடாக்கி நிற்க வைத்தாக வேண்டும். இங்கே பழைய வண்டிகளை வருடத்தில் சில நாட்கள்தான் சாலையில் விடுவார்கள். என்னைப் போல அதற்கும் பர்மிட். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளை அதற்கென ஒதுக்கினோம். நான் ஓட்ட, பெரியவர் பின்னால் உட்கார, கிராஞ்சிப் பண்ணைகளின் பக்கம் போனோம். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் நிதானமாகத் தட்டும். வளைவில் வலது கால் தானாகக் கியரைத் தேடிப் போகும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என் கால் சொந்த பாஷை பேசியது. சரியாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி வந்ததும் வண்டி செத்துவிடும். பிளக்கைக் கழற்றி உதைத்துப் பார்த்தால் பொறி இருக்காது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

பெரியவர் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவார். மனைவி சேலையோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து சாங்கி கடற்கரைக்கு வந்ததைச் சொல்வார். "பாதி வழியில நிப்பாட்டிடும். அவ இறங்கி நடக்க ஆரம்பிச்சிருவா. நான் பின்னாலேயே தள்ளிக்கிட்டுப் போவேன். ரோடே சிரிக்கும்." வாய் திறக்காத நானும் பேசினேன். இங்கே வருவதற்காக என் புல்லட்டை விற்றதைச் சொன்னேன். கொடுக்கும் நாள் காலையில் அதைக் கழுவி, ஆயில் மாற்றி, செயினை இறுக்கி நிறுத்தியிருந்தேன். "ஏன், அவனே பாத்துக்க மாட்டானா?" என்று கேட்டார். நான் எழுந்து போய் இயந்திரத்தைத் தொட்டுச் சூடு பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கண்டென்சர் என்ற சின்ன மின்பாகம் சூட்டில் செயலிழந்தது. நண்பர்கள் தேக்காவில் சாப்பிடப் போன நேரத்தில், லிட்டில் இந்தியா ஓரத்தில் ஒரு மின்பொருள் கடையில் கொண்டைக்கடலை அளவில் ஒன்று வாங்கினேன். வார நாளில் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே உட்கார்ந்து மாற்றினேன். பெரியவரிடம் சொல்லவில்லை. ஓட்டிக் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு தூங்குமூஞ்சி மரம் வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. பெருமையில் கொஞ்சம் முறுக்கினேன். தோளில் அவர் கை விழுந்தது. "நிப்பாட்டுங்க." நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அவரே எட்டி அணைத்தார்.

"இன்னைக்கு நிக்கல பாத்தீங்களா சார்?" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரம் இல்லன்னு சொன்னேனே தம்பி."

அவசரமில்லை என்று அவர் சொன்னது வண்டி கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. சொந்தக் கையால் வண்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். எனக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்? பழைய கண்டென்சரைத் திரும்ப மாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பெரியவர் விழுந்ததும் பொய்யில்லையே. ஃபிளாஸ்க் அன்று திறக்கப்படவே இல்லை.

மாதக் கடைசியில் இங்கிலாந்துக்காரரின் ஆள் வந்து ஓட்டிப் பார்த்தார்; வண்டி பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறியது. பிறந்த ஊருக்குத் திரும்ப அதற்கு எவ்வளவு சுலபம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு செங்காங் போனேன். வண்டி நின்ற இடம் காலி. தரையில் புது அட்டை, ஒரு சொட்டுக் கறை இல்லை. "பழக்கத்துல போட்டுட்டேன். எடுக்கணும் லா," என்றார் பெரியவர். எடுக்கவில்லை. கீழ்த்தளப் பெஞ்சில் அவரோடு வண்டி ஆறும் நேரம் அளவுக்கு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

விடுதிக்குத் திரும்பி ஊரில் இருக்கும் என் மனைவிக்கு போன் செய்தபோது, எதற்கென்று சொல்லாமல், புல்லட் நின்ற இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அங்கயா? வாசலெல்லாம் புல்லு மண்டிக் கெடக்கு," என்றாள். "அந்த எண்ணெ குடிச்ச எடத்துல மட்டும் இன்னும் ஒண்ணும் மொளைக்கல."