ஹல்பேராவுக்கு ஏற்ற மண்

ஐஸ்லாந்தின் வடக்கே, எங்கள் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது என் வேலை. செத்தவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. உயிரோடிருந்த ஓட்கேர்தான் என் பிராணனை வாங்கினான்.

பூமிக்கடியில் மின்கம்பி புதைக்கும் கம்பெனியில் அவனுக்கு மண் அளக்கும் உத்தியோகம். கம்பி சூடாகும், அந்தச் சூட்டை மண் வாங்கிக் கடத்தாவிட்டால் கம்பி கருகிவிடும். எங்கள் மண்ணோ எரிமலை துப்பியது, உள்ளே முழுக்க ஓட்டை. காய்ந்து கிடந்தால் சூடு அதில் நகராது. ஈரம் ஏற ஏற நகரும். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. மண்ணை அடுப்பில் வைத்துக் காயவிட்டு, டப்பாவில் அடைத்து, சூடேறும் ஊசி ஒன்றைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஒவ்வொரு தடவையும் அளப்பான். ஆபீஸ் அடுப்பு பழுதான வருஷம் வீட்டு அடுப்பில் காயவைத்தான். அந்த வருஷம் அவன் மனைவி ஹல்பேரா சுட்ட ரொட்டியை நானும் தின்றேன். நறநறவென்று இருந்தது.

ஓட்கேருக்குக் குளிர் ஆகாது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு வரக்கூடாத சீக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊசியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டான். அடியில் வெந்நீர் ஓடுகிற பூமி அது. அந்தச் சூடு எங்கே மேலே வருகிறது என்று பார்த்து, தனக்கும் அவளுக்கும் இப்போதே இடம் பிடிக்க வேண்டுமாம். அளந்து முடித்து, ஓடையோரத்து ஈர மூலையைக் காட்டினான். ஹல்பேரா மேட்டைக் காட்டினாள். அவளுடைய அப்பா அம்மா அங்கேதான் கிடக்கிறார்கள்.

"மேடு காஞ்ச மண்ணு. கீழ இருக்கிற சூடு ஒருநாளும் ஒங்கிட்ட வந்து சேராது."

"வராட்டிப் போகுது. சொதசொதன்னு ஈரத்துல கெடக்க நான் என்ன மீனா?"

"வெறைச்சுப் போயிடுவ."

"செத்தவ வேற எப்படி இருப்பா?"

மண்வெட்டியோடு நின்ற நான், "பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

பேசி முடிக்கவே இல்லை. போகிற வீட்டிலெல்லாம், காபி ஊற்றியதும் இதே பேச்சுதான். அவள் மேட்டில், இவன் ஓடையோரம் என்று ஆளுக்கொரு மூலையாகப் போய்விடுவார்களோ என்று எனக்கே கவலை வந்துவிட்டது.

நவம்பரில் ஹல்பேரா முந்திக்கொண்டாள்.

ஓட்கேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். என் வாய் சும்மா இருக்காது. "இனிமே யாரு மறுக்கப் போறா? ஓடையோரமே வெட்டிடவா?" என்று கேட்டுவிட்டேன்.

"மேட்டுல வெட்டு. பக்கத்துல எனக்கும் எடம் விடு."

வெட்டினேன். வெளியே குவித்த மண்ணில் ஆலங்கட்டி விழாமல் ஓட்கேர் தார்ப்பாய் போட்டு மூடினான். பிறகு ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து குழிக்குள் ஊற்றினான். ஊற்றியதையெல்லாம் மண் குடித்தது. சவப்பெட்டியும் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண் பாதிரியார் தோர்டிஸ் புத்தகத்தை மூடிக்கொண்டு என் காதருகே, "என்ன பண்றான் இவன்?" என்றாள். அது அவன் காதிலும் விழுந்துவிட்டது.

"அடியில ஈரம் இருந்தா சூடு மேல வரும். மேல காஞ்ச மண்ணப் போட்டா, வந்த சூடு வெளிய போகாது. தண்ணி கீழ எறங்கிடும், அவளத் தொடாது" என்றான் ஓட்கேர். "அவ சொன்னதும் சரிதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை பேரும் குளிரில் நின்றுகொண்டிருக்கிறார்கள். "மேட்டுல தண்ணி நிக்காதுய்யா. வடிஞ்சு மறுபடி காஞ்சிடும். மண்ணளந்தவனுக்கு இது தெரியாதா?"

"தெரியும். ஒரு வாரம் தாங்கும்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள அவளுக்குப் பழகிடும்."

காற்றில் தார்ப்பாய் தூக்கியடித்தது. தோர்டிஸ் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய் பறக்காதபடி அதன் ஓரத்தில் ஏறி நின்றாள். நான் இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.