பதினொரு சரக்குப் பொடியும் இரண்டு கீரைப் பாத்தியும்

"என் பொடி இருக்கச்சில சாணி என்னத்துக்கு ஓய்? ஒரு கட்டு கீரை விளையுத இடத்துல ரெண்டு கட்டு விளைய வைப்பேன்!"

1951-ஆம் வருஷம் தக்கலைச் சந்தையில் இப்படி முழங்கியவர், மருந்துச் சரக்குக் கடை பொன்னுலிங்கம். சுக்கு, திப்பிலி, வசம்பு என்று பதினொரு சரக்கை இடித்துச் சலித்தது அந்தப் பொடி. மனிதனுக்குப் பசியைக் கிளப்புகிற திப்பிலி கீரைக்குக் கிளப்பாதா என்பது அவருடைய சித்தாந்தம். அதை மறுத்து இன்றுவரை எந்தக் கீரையும் வாய் திறந்ததில்லை.

கேட்டுக்கொண்டிருந்த குமாரதாஸ் இரணியலில் கீரை பயிரிடுகிறவர். அந்தக் கீரையை நம்பி வீட்டில் ஏழு வயிறு.

"அப்போ நான் குவிச்சு வச்சிருக்க சாணிய தங்கப்பனுக்குக் குடுத்துரட்டா அண்ணாச்சி? அவன் கேட்டுட்டே கிடக்கான்."

"பொறு. சாஸ்திரப்படி சோதனை செஞ்சு காட்டுதேன்."

பொறுக்கச் சொன்னவருக்கு அரை நாழிகை ஓரிடத்தில் இருக்க வராது. சரக்கு நிறுக்கிற நேரத்திலேயே மூன்று தடவை எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால் ஒரே மண்ணில் இரண்டு பாத்தி கட்டி, கடைத் தராசில் விதையை நிறுத்துச் சமமாக விதைத்து, ஒன்றுக்கு மட்டும் பொடி தூவினார்.

இருபத்தைந்தாம் நாள் பொடிப் பாத்தி முழங்கால் உயரம். மற்றது சீக்காளி மாதிரி நின்றது. குமாரதாஸ் வந்து பார்த்து, வாயைப் பிளந்து, "அடுத்த மாசப் பிறப்புக்குத் தங்கப்பன வண்டி கொண்டுவரச் சொல்லிருதேன்" என்று கிளம்பிவிட்டார்.

வெற்றிக் கீரையை இலையில் பரிமாறியபடி மனைவி தாணம்மாள் கேட்டாள்: "ரெண்டு பேர ஒரே பந்தியில இருத்தி, ஒருத்தனுக்கு மட்டும் நெய் விடலாமா?"

"பொடி போட்டத சொல்லுதியா? அது சோதனையாக்கும்."

"பொடிய யாரு சொன்னா? ஒரு நாளைக்குப் பத்து நட அந்தப் பொடிப் பாத்திக்கிட்ட போய் நின்னிய. கை சும்மா இருக்குமா? ஒரு குடம் தண்ணி, ஒரு பிடி களை. மத்தது நான் ஊத்துன அரிசி கழுவுன தண்ணியிலதான் உயிரு பிடிச்சுக் கிடந்தது."

பொன்னுலிங்கத்துக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. விளைய வைத்தது பொடியா, குடமா?

மறுநாளே மறுசோதனை. "ஏட்டி, இந்தத் தடவ நீயே ஒரு பாத்தியில பொடியப் போடு. எதுலண்ணு எங்கிட்ட சொல்லிராத" என்று உத்தரவு போட்டவர், மூன்றாம் நாளே கெஞ்சினார்.

"இடது பக்கமா?"

"சொல்லமாட்டேன்."

"வாயால வேண்டாம். கண்ணக் காட்டு போதும்."

"கண்ணும் காட்டமாட்டேன். கடைக்குப் போங்க."

இங்கே ஒரு குடம் ஊற்றினால் அங்கேயும் ஒரு குடம். இங்கே களை பிடுங்கினால் அங்கேயும் களை பிடுங்க வேண்டும். அங்கே களை இல்லாத நாட்களில் மனுஷன் தவித்த தவிப்பு கொஞ்சமில்லை. ஒரு நாள் மண்ணை முகர்ந்தே துப்புத் துலக்கப் பார்த்தார். இரண்டு பாத்தியிலும் பாரபட்சமில்லாமல் தும்மல் வந்தது.

மாசப் பிறப்பன்று விடிந்ததும் இரண்டு பாத்தியையும் பறித்து, தட்டுக்கு ஒன்றாக வைத்துத் தராசைத் தூக்கினார். முள் நடுவில் நின்றது. தட்டை மாற்றி வைத்தார். மறுபடியும் நடுவில்தான்.

"இனி எதுண்ணு சொல்லட்டா?" என்றாள் தாணம்மாள்.

"வேண்டாம்."

கடையைத் திறக்காமல் இரணியலுக்கு நடையைக் கட்டினார். வழியில் இரண்டு பேர் பொடியைப் பற்றி விசாரித்தார்கள். காது கேட்காதவர்போல நடந்தார். குமாரதாஸ் தோட்டத்தில் தங்கப்பனின் வண்டி நின்றது. முதல் கூடைச் சாணி ஏறியிருந்தது. பொன்னுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியில் ஏறி, கூடையை இறக்கிக் குவியலிலேயே திருப்பிக் கொட்டினார்.

"என்ன அண்ணாச்சி, என்ன செய்யுதிய?"

"ரெண்டும் ஒரே நிறை, குமாரதாஸ். நீ சாணியே போடு."